பன் கார்

ஆடி 1, வியாழன்

இன்று ஆடி நோம்பி. மகள் தாரணியையும் மாப்பிள்ளை மிதுனையும் விருந்துக்கு அழைத்திருந்தேன். கல்யாணமாகி வரும் முதல் ஆடி. முறைப்படி பெண் ஒரு மாதம் இங்கே தங்க வேண்டும்; ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்துப் போக வேண்டும். இவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்தவர் சம்பந்தி சென்னியப்பன். சிங்காநல்லூரில் பேக்கரி வைத்திருக்கிறார். மனிதர்களில் இரண்டு வகை: மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள், சென்னியப்பன்.

நான் கை கழுவப் போன நேரத்தில் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து என் ஏழாம் எண் காரை எடுத்திருக்கிறார். எங்கள் சங்கத்தின் கட்டைக் கார்ப் பந்தயத்தில் மூன்று வருடம் கோப்பை வாங்கிய கார். உள்ளங்கை நீளப் பைன் கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், அச்சாக நான்கு ஆணி. மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. சரிவின் உச்சியில் வைத்துவிட்டால் தன் எடையிலேயே ஓடும். எடை 142 கிராமுக்கு மேல் ஒரு தூசு போனாலும் பந்தயத்திலிருந்து தள்ளிவிடுவோம். அந்த ஆணிகளில் கிராஃபைட் பொடி ஏற்றி உட்காரவைக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். இந்தக் காரைப் பாதையைத் தவிர வேறெதன்மேலும் உருட்டக் கூடாது என்பது இந்தப் பொழுதுபோக்கில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நான் திரும்பி வரும்போது சம்பந்தி தரையில் குந்திக்கொண்டு, "டுர்ர்ர்ர்... பீப் பீப்" என்று காரைத் தள்ளிக்கொண்டிருந்தார். அறுபது வயது. சுவரில் மோதி நின்றது. முன் ஆணி இரண்டும் வளைந்துவிட்டன.

"பொம்மைக் காரு சூப்பரா ஓடுதுங் சம்பந்தி," என்றார்.

பொம்மையாம். டூல் ரூமில் முப்பத்துநான்கு வருடம் ஃபோர்மேனாக இருந்தவனிடம். "இனி என் வாசப்படி மிதிக்காதீங்க," என்றேன். மாப்பிள்ளை பாதி இலையில் எழுந்துவிட்டான். இரண்டு பேரும் போய்விட்டார்கள். தாரணி அழுதாள். பாயசம் மிஞ்சியது.

ஆடி 2, வெள்ளி

ஆணிகள் இரண்டும் போனது போனதுதான். புதிது இரண்டு தேய்க்க வேண்டும். வழக்கமாக ஆணியை மட்டும் தாரணி தன் இடக்கையால் தேய்த்துக் கொடுப்பாள். சின்ன வேலை, நேரம்தான் பிடிக்கும். இன்று கேட்டேன். "கை வலிக்குதுப்பா," என்றாள். நானே தேய்த்துக்கொள்வேன். இதற்கொரு வித்துவான் தேவையில்லை.

ஆடி 4, ஞாயிறு

சங்கத்தின் முதல் பந்தயம். ஆடியில் கல்யாணம் இல்லை, அதனால் மண்டபம் காலி, அதனால்தான் எங்கள் பந்தயக் காலமும் ஆடி. சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பதடிப் பாதையை விரித்தோம். மேலிருந்து கீழே மூன்று நொடி.

உறுப்பினர்கள் பதினேழு பேர். தேறுவது யாருமில்லை. செயலாளர் வரதராஜுலு பல் டாக்டர். பல் குடையும் மிஷினில் கட்டையைக் குடைந்துகொண்டு வருகிறார். மற்றவர்கள் கார்களுக்குப் புலி, மின்னல் என்று பெயர் வைக்கிறார்கள். சக்கரம் வட்டமாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. விதிகளை எழுதியதும் நான், தணிக்கையாளரும் நான், போட்டியாளரும் நான். போன வருடம் ஒருவன் இது முறையா என்று கேட்டான். வேறு யாருக்கு வெர்னியர் பார்க்கத் தெரியும் என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டான்.

பதினோரு மணிக்கு வாசலில் சென்னியப்பன். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பெட்டி தேங்காய் பன். உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"மண்டபத்து வாசப்படி உங்களுது இல்லீங்களே? அதான் வந்தனுங்க."

என்ன திமிர்! என்னை ஊர் முன்னால் தோற்கடிக்க வந்திருக்கிறார். வேறென்ன இருக்க முடியும்? பன்னை எல்லாரும் தின்றார்கள். நான் தொடவில்லை.

ஆடி 6, செவ்வாய்

ஆணி தேய்த்தேன். சரியில்லை. வேறு ஆணி.

ஆடி 9, வெள்ளி

இந்த ஒரு வாரமாகத் தாரணியின் போன் சத்தம் போடவில்லை. நிம்மதி என்று நினைத்தேன். இன்று காலை அரிசிம்பருப்பு சாதம் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நானும் அவரும் பேசிக்கறதில்ல."

"ஏன் அம்மணி?"

"உங்கப்பா தொரத்திவிட்டாரு, உங்கப்பாவே கூப்புடாம எங்க ஊட்டாளுக வரமாட்டாங்கன்னு அவர் சொன்னாரு. எங்கப்பா அனுப்பாம நானும் வரமாட்டேன்னு சொல்லிப்போட்டேன். ஆவணி ஒண்ணாந்தேதிக்குள்ள வரலீனா அப்புறம் எப்பவுமே வரவேண்டாம்னுட்டாரு. அதோட போனை வெச்சுட்டாரு."

"வெச்சா வெச்சுட்டுப் போறான்."

"அப்பா, இது உங்க பந்தயமில்ல. எம்பொழப்பு."

அவளுக்கு இங்கே என்ன குறை? தனி அறை இருக்கிறது. அவள் அம்மா இறந்து மூன்று வருடம். இவளும் கல்யாணமாகிப் போன இரண்டு மாதமாக இந்த வீட்டில் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. வந்த ஒரு வாரத்தில் திரைச்சீலையைத் துவைத்துப் போட்டிருக்கிறாள். காலையில் காபி வருகிறது. நானாகப் போய் அந்தப் பன் வியாபாரியை வருந்தி அழைக்க வேண்டுமாக்கும்.

மாலையில் ஆடி வெள்ளி என்று கோயிலுக்குப் போனாள். வர மூன்று மணி நேரம். அம்மனுக்குச் சரியான கூட்டம் போல.

ஆடி 11, ஞாயிறு

சம்பந்தி கார் செய்து கொண்டுவந்தார். சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. மேலே உப்பல், கீழே தட்டை, பழுப்பு நிறம். "இதென்னங்க பன்னா?" என்று கேட்டேன். கூடமே சிரித்தது. பன் கார் என்றே பெயர் நின்றுவிட்டது. சக்கரத்துக்குக் கிராஃபைட் போடுவதற்குப் பதில் மைதா தூவியிருந்தார். வழவழப்பாக இருக்குமே என்று நினைத்தாராம். பாதி வழியில் நின்றது. கையால் தள்ளி அனுப்பினோம்.

அவமானம் என்று ஒன்று அந்த மனிதருக்கு இருப்பதாகத் தெரியவில்லை. காரைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங் சம்பந்தி, அன்னிக்குத் தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க. ஆவணி ஒண்ணாந்தேதி..."

"பாதைக்குப் பக்கத்துல சொந்தப் பேச்சு பேசக் கூடாதுங்க. விதி பத்தொன்பது."

"அப்படி ஒரு விதி இருக்குதுங்களா?"

இருக்கிறது. இன்று காலையில் எழுதினேன்.

என் கார் முதலிடம். நேரம் 3.081 நொடி. போன வருடம் 3.058 வந்தது. காற்றில் ஈரம் அதிகம்.

ஆடி 13, செவ்வாய்

ஆணி. மறுபடியும் ஆணி. கடைக்காரன் ஆணி இரும்பில் கலப்படம் செய்கிறான்.

ஆடி 16, வெள்ளி

தாரணி இன்றும் கோயிலுக்குப் போய் ஏழு மணிக்கு வந்தாள். விரல் நுனியெல்லாம் கறுப்பு. கேட்டேன். "விபூதிப்பா," என்றாள். விபூதி எப்போதிலிருந்து கறுப்பாயிற்று? சாம்பலில்கூடக் கலப்படம். தலையில் வெண்ணெய் பிஸ்கட் வாசனை வேறு. பிரசாதத்தையும் மாற்றிவிட்டார்கள் போல. இந்த நாட்டில் எதையும் ஒழுங்காகச் செய்ய ஆளில்லை.

ஒரு நல்ல செய்தி. அவள் போன் திரும்பவும் கீச்சுக்கீச்சென்கிறது. அறைக்குள் போய்ச் சிரிக்கிறாள். நான் எதுவும் கேட்கவில்லை. நல்ல செய்தி என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. ஊரே ஆற்றங்கரையில் கலந்த சாதம் தின்ன, நாங்கள் மண்டபத்தில் எடை போட்டுக்கொண்டிருந்தோம்.

பன் கார் நான்காவது வந்தது! பதினெட்டில் நான்கு. உருவத்தில் மாற்றமில்லை, அதே உப்பல். ஆனால் நூல் பிடித்தாற்போல ஓடியது. வரதராஜுலு காரணம் கேட்டார்.

"கட்டைய அடுப்புல வெச்சுச் சுட்டனுங்க டாக்டர். ஈரமெல்லாம் போயி எடை கொறஞ்சுது. கொறஞ்சதுக்கு ஈயத்தைப் பின்னால வெச்சுட்டனுங்க."

எடை பின்னால் இருந்தால் வேகம் கூடும். இது சரியான யோசனைதான். ரொட்டி சுடுகிறவனுக்குத் தற்செயலாகத் தோன்றிவிட்டது. மற்றவர்கள் அவரைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டார்கள். மூன்று வருடமாக என்னிடம் யாரும் வந்து இப்படிக் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு அவர்களுக்கு அறிவு போதாது.

என் நேரம் 3.084. முதலிடம்தான்.

ஆடி 21, புதன்

"அப்பா, ஆவணிக்குப் பத்து நாள்தான் இருக்குது. ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. வாங்கன்னு. அவ்வளவுதான்."

"கோப்பை முடியட்டும்."

"கோப்பை எப்ப?"

"ஆவணி ஒண்ணு. ஞாயித்துக்கெழம."

அவள் கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "கெரகம், ரெண்டும் ஒரே நாளு," என்றாள். பிறகு என்னவோ யோசித்தாள். பிறகு, "செரி," என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

ஆடி 25, ஞாயிறு

அரையிறுதி. பன் கார் டாக்டரை வீழ்த்திவிட்டது. நேரம் 3.066. என்னுடையது 3.079.

அதாவது இறுதியில் நானும் சென்னியப்பனும். சங்கத்துக்கு வந்த கேட்டைப் பாருங்கள். வெர்னியரைத் தலைகீழாகப் பிடிக்கிற ஆள் இறுதிப் பந்தயத்தில் நிற்கிறார். ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது. ஆணியில் எண்ணெய் விட்டிருப்பார். வாராவாரம் எடையை மட்டும்தான் பார்க்கிறோம். இறுதிக்கு வரும் இரண்டு கார்களுக்கு மட்டும் ஆணியை உருவிப் பார்ப்போம். பார்க்கத்தானே போகிறேன்.

போகும்போது, "அடுத்த வாரம் பாக்கலாமுங் சம்பந்தி. மொகம் பாத்துப் பேசலாமுங்க," என்றார். நான் பாதையை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஆடி 30, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. தாரணி காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டாள். மதியம் நானே ரசம் வைத்தேன். வாயில் வைக்க விளங்கவில்லை.

ஆடி 31, சனி

தாரணி துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. பெண்கள் எப்போதும் எதையாவது மடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆவணி 1, ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

மண்டபத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். வியாழக்கிழமை முதல் முகூர்த்தமாம். மேனேஜர் பந்தல்காரனை அழைத்து வந்து, எப்போது காலி செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தான். சம்பந்தி வந்தார். கூட மிதுன். ஒரு பித்தளைத் தட்டு, அதில் வெற்றிலை, பூ, பழம். தட்டை ஓரமாக ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, காரை என் மேசையில் வைத்தார்.

எடை 141.9. சரி. அடுத்து ஆணியை உருவினேன். எண்ணெய் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு விளக்கடியில் பிடித்தேன். ஆணித் தலையின் உள்பக்கம் கண்ணாடிபோல இருந்தது. அதில் மெல்லிய அரக்கோடுகள், எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. வலக்கைக்காரன் அரம் போட்டால் கோடு அந்தப் பக்கம் சாயாது. நான்கு ஆணியிலும் அதே சாய்வு. கோவையில் ஆணித் தலையை இப்படித் தேய்க்கிற இடக்கை ஒன்றுதான் எனக்குத் தெரியும். பத்து வருடம் என் மேசையில் தேய்த்த கை.

நான் முட்டாளாகத்தான் இருந்திருக்கிறேன். கறுப்பு விபூதியாம்.

கோபம் தலைக்கேறியது. எல்லாருக்கும் கேட்கும்படி, "இது உங்க கை இல்லீங்க," என்றேன். "நீங்க செஞ்ச காரு இல்ல இது. வெளிய எடுங்க."

சம்பந்தி நெளியவில்லை. "ஆமாங்க. கட்டை நான் சுட்டது. ஆணி எங்க ஊட்டுப் புள்ளை தேச்சதுங்க."

"எந்த ஊட்டுப் புள்ளை?"

"எங்க ஊட்டுப் புள்ளைங்க."

கூட்டத்தில் இருந்து தாரணி வந்தாள். நான் கிளம்பும்போது வீட்டில் இருந்தவள்.

"நாந்தான்ப்பா. வெள்ளிக்கெழமையெல்லாம் கோயிலுக்குப் போகல. பேக்கரில உக்காந்து தேச்சேன். உங்க ரெண்டு பேரையும் நேருக்கு நேரா நிறுத்த எனக்கு வேற வழி தெரியல. அவரு பக்கத்துல வந்தா நீங்க விதி பத்தொம்பதுங்கறீங்க. கடைசிப் பந்தயத்துல மூஞ்சியப் பாத்துத்தான ஆகோணும்?"

வரதராஜுலு தணிக்கைப் பதிவேட்டை என் முன்னால் விரித்தார். விதி எட்டு: காரையும் அதன் பாகங்களையும் போட்டியாளர் செய்திருக்க வேண்டும், அல்லது அவர் வீட்டார் ஒருவர் செய்திருக்க வேண்டும். அந்த 'வீட்டார்' என்ற சொல்லைச் சேர்த்தவன் நான்தான். தாரணி தேய்த்த ஆணிகளை என் காரில் போட்டுக்கொள்வதற்காகச் சேர்த்தேன். மூன்று கோப்பையும் அவள் ஆணியில் வாங்கியதுதான். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

"செய்தவர் பேரு, எந்த வீடு, ரெண்டு கட்டமும் நீங்கதான் நிரப்பணும்," என்றார் டாக்டர். "உங்க வீடுன்னா இவர் காரு தள்ளுபடி, கோப்பை உங்களுக்கு. இவர் வீடுன்னா பந்தயம் நடக்கும். தணிக்கையாளர் முடிவே முடிவு. விதி மூணு."

அதையும் நான்தான் எழுதினேன்.

"எழுதுங்கப்பா," என்றாள் தாரணி. "நான் எந்த ஊட்டுக் கைன்னு நீங்களே எழுதுங்க. நான் எதும் சொல்லமாட்டேன். அவங்களும் சொல்லமாட்டாங்க."

மிதுன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சம்பந்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த மனிதர் ஒரு மாதமாகப் பதினேழு பேர் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு, பன் பெட்டியோடு வந்து வந்து போனது எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாமல் இல்லை. முதல் ஞாயிறே தெரியும். தெரியாத மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன்.

என் வீடு என்று எழுத ஒரு நொடி போதும். கோப்பை அலமாரியில் நாலாவது. அவளும் காலையில் காபி போட்டுக்கொண்டு அங்கேயே இருப்பாள். ஆவணி ஒன்று தாண்டிவிடும்.

பேனா எழுதவில்லை. உதறினேன். டாக்டர் தன் பேனாவைக் கொடுத்தார்.

செய்தவர்: தாரணி. வீடு: சென்னியப்பன் வீடு.

கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன். யாரும் கை தட்டவில்லை, அந்தமட்டுக்குப் பிழைத்தேன். தாரணி வாயைப் பொத்திக்கொண்டு மிதுன் பக்கம் போய் நின்றாள்.

பந்தயம் நடந்தது. இரண்டு ஓட்டம். பன் கார் 3.061, 3.060. என்னுடையது 3.079, 3.083. என் காரின் முன் ஆணிகளை நானே தேய்த்திருந்தேன்.

சம்பந்தி கோப்பையைத் தொடாமல் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "பந்தயம் முடிஞ்சுதுங்க. இனிச் சொந்தப் பேச்சு பேசலாமுங்களா?"

"பேசுங்க."

"அம்மணியக் கூட்டிட்டுப் போறமுங்க."

"கூட்டிட்டுப் போங்க சம்பந்தி," என்றேன். சம்பந்தி என்ற சொல் வாயில் வர ஒரு மாதம் ஆகிவிட்டது. தட்டை வாங்கிக்கொண்டேன். ஒரு பழம் உருண்டது, மிதுன் எடுத்துக் கொடுத்தான்.

பேக்கரி வேனில் அவள் பெட்டி ஏற்கெனவே ஏறியிருந்தது. வேன் பக்கத்தில் அவளைத் தனியாக நிறுத்திக் கேட்டேன்.

"நான் நம்ம ஊடுன்னு எழுதிருந்தா என்ன பண்ணிருப்பே?"

"பொட்டிய எறக்கிட்டு உங்ககூட வந்திருப்பேன்ப்பா."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, சோறாக்கிப் போட்டுட்டு இருந்திருப்பேன். பேசிருக்க மாட்டேன்."

வேன் போய்விட்டது. நான் பாதையை மடித்து வைத்துவிட்டு, பந்தல்காரனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தோற்றதற்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். வருத்தம்தான். ஆனால் வீட்டுக்கு வந்து நான் அழுதது அதற்கில்லை. அவளை அனுப்ப எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். மற்றதெல்லாம் சாக்கு.

ஆவணி 2, திங்கள்

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு மாதம் ஓட்டலில் தின்றேன். இனி முடியாது, வயிறு கேட்காது. ஒரு ஆளுக்கு எத்தனை டம்ளர் அரிசி போடுவது என்று தாரணியிடம் கேட்கப் போன் செய்தேன். சம்பந்திதான் எடுத்தார். அரை டம்ளருங்க, என்றார்.